பேண்ட் பிள்ளைகள் வரவேற்புக்கு மட்டுமா?



சுதந்திர தினம், இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா என்று எதை எடுத்தாலும் எங்கள் பாடசாலைகளில் பேண்ட் இல்லாமல் நடப்பதில்லை. அதிதி வாகனத்தை விட்டு இறங்கியதும் முதலில் கேட்பது அந்தப் பிள்ளைகளின் வாத்தியத்தைத்தான். விழா முடிந்த அடுத்த நாளே, "பேண்ட் பேண்ட் என்று திரியாம படிக்கிற வேலையைப் பாருங்க" என்று அதே பிள்ளைகளுக்கு ஏச்சு விழுகிறது. பேண்டுக்குப் பொறுப்பாக நிற்கும் ஆசிரியர்கள் என்ற வகையில் இதைப் பற்றி நாங்கள் பேசத்தான் வேண்டும்.

கிளாரினட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரம் மாதிரி தட்டியவுடன் சத்தம் தரும் கருவி அல்ல அது. ரீட் என்கிற மெல்லிய நாணல் தகட்டை வாயில் நனைத்து, மௌத்பீஸில் பொருத்தி, உதட்டைச் சரியாகப் பிடித்து ஊதினால்தான் சுரம் வரும். ஆரம்பத்தில் வருவதெல்லாம் கீச் கீச்சென்ற சத்தம்தான். வீட்டில் வாப்பா ஏசுவார், தம்பி தங்கச்சிமார் சிரிப்பார்கள்.

அதைத் தாண்டினால் கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்குப் போகும் இடம் வரும். ஒரே விரலால் 'ஏ' சுரத்தை வாசித்த பிள்ளை, அடுத்த 'பீ' சுரத்துக்கு எல்லா விரல்களையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். ஒரு விரல் கொஞ்சம் விலகினாலும் பழைய கீச்சுத்தான். தரம் 7 பிள்ளைக்கு இது மாதக்கணக்கான வேலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டின் மெட்டு பெரும்பாலும் முதலாம் கிளாரினட்டுக்குத்தான் கிடைக்கும். மூன்றாம் கிளாரினட் பிள்ளை கீழே நின்று தாங்கும் சுரங்களை வாசிக்கும். சபையில் யாரும் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கேட்பதில்லை. ஆனால் அது நிறுத்தினால் முழுப் பாட்டும் மெலிந்துபோகும். எண்ணிக்கொண்டு காத்திருப்பது, பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுத் தன் சத்தத்தைக் குறைப்பது, கைதட்டல் இன்னொருவனுக்குப் போனாலும் தன் பங்கைச் சரியாகச் செய்வது. இவற்றை வேறு எந்தப் பாடவேளையில் இவ்வளவு நன்றாகப் பழக்குகிறோம்?

இப்படிப் பழகிய பிள்ளைகள் எப்படி நடத்தப்படுகிறார்கள்? அதிதி எட்டரைக்கு வருவார் என்றால் எட்டு மணிக்கே வெயிலில் வரிசை. அதிதி வந்து சேர ஒன்பதரை ஆகும். அதற்குள் ரீட் காய்ந்துவிடும். சூட்டில் சுருதி ஏறிவிடும். மரக் கிளாரினட் என்றால் வெடிக்கவும் கூடும். பிள்ளையின் நா வறண்டிருப்பதை யார் பார்க்கிறார்கள்? "இந்த முறை பேண்ட் சரியில்லையே" என்று பிறகு ஒரு பேச்சு.

இசை பற்றி எங்கள் சமூகத்தில் ஒரே கருத்து இல்லை. வேண்டாம் என்று சொல்லும் பெற்றாரை நாங்கள் மதிக்கின்றோம், அவர்களுடைய பிள்ளையை வற்புறுத்தவும் மாட்டோம். ஆனால் வரவேற்புக்கு பேண்ட் வேண்டும் என்கிறவர்கள், பயிற்சிக்கு நேரம் கேட்டால் மட்டும் மார்க்கத்தைச் சொல்வது நியாயமா? வேண்டாம் என்றால் இரண்டுக்கும் வேண்டாம். வேண்டுமென்றால் ஒழுங்காக வேண்டும்.

பரீட்சைப் பயமும் எங்களுக்குத் தெரியும். சாதாரண தரத்தில் மேலைத்தேய சங்கீதம் ஒரு பாடம்தான். ஆனால் அதைப் படிப்பிக்க ஆசிரியர் இல்லாத இடத்தில் கிளாரினட் பிள்ளையும் சித்திரமோ இலக்கியமோதான் எடுக்கும். ஊதியதற்குப் புள்ளி கிடையாது. அதனால் தரம் 10க்கு வந்ததும் பெற்றார் பிள்ளையை நிறுத்தி மேலதிக வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கிளாரினட் திரும்பவும் தரம் 7 பிள்ளையின் கைக்குப் போகிறது, திரும்பவும் கீச்சு. இரண்டு மூன்று மார்ச் பாட்டுகளைத் தாண்டி பேண்ட் வளராததற்கு இதுதான் காரணம். பிள்ளைகளுக்குத் திறமை இல்லாமல் இல்லை.

நாங்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி நேரத்தில் யாரும் கைவைக்காதிருக்கட்டும். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது விடுங்கள். அதிதி வந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு பிள்ளைகள் வரிசைக்கு வரட்டும், அதுவரை நிழலில் தண்ணீரோடு இருக்கட்டும். பழைய மாணவர் சங்கத்தினர் புது யூனிபோம் தைப்பதற்கு முன்னர் ரீட் பெட்டி, துடைக்கும் துணி, பிள்ளைக்கு ஒரு மௌத்பீஸ் என்று வாங்கித் தாருங்கள். ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவர் வைப்பது சுகாதாரமும் இல்லை.

கடைசியாக ஒன்று. வருடத்தில் ஒரு நாள் அந்தப் பிள்ளைகளை மண்டப மேடையில் கதிரை போட்டு உட்கார வையுங்கள். அதிதி இல்லாமல், ஊர்வலம் இல்லாமல், உம்மா வாப்பா முன்னால் இருந்து கேட்க அரை மணித்தியாலம் வாசிக்கட்டும். மூன்றாம் கிளாரினட் பிள்ளையின் வீட்டாருக்கும் அன்றைக்குத்தான் தங்கள் பிள்ளை என்ன செய்கிறது என்று விளங்கும்.

பெற்றாரும் பழைய மாணவர்களும் உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.