போன் சாகல, பேட்டரிதான் செத்துருக்கு

கொஞ்சம் நீளமான த்ரெட். டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு தோணும். இருக்கு, வர்றேன்.

"இது பழைய மாடல் சார், புதுசா மாத்திடுங்க." மூணு வருஷம் ஓடின போனைத் தூக்கிட்டு எந்தக் கடைக்குப் போனாலும் முதல் வார்த்தை இதுதான். பேட்டரியைச் சோதிச்சுக்கூடப் பார்க்கிறதில்ல. டயர் தேஞ்சா வண்டியையே வித்துடுங்கன்னு எந்த மெக்கானிக்காவது சொல்வாரா? சொன்னா நாமதான் சும்மா இருப்போமா? போன் விஷயத்துல மட்டும் தலையாட்டிட்டு EMI-ல கையெழுத்துப் போடுறோம்.

பேட்டரி தேயுற பொருள்தான். வயசாக வயசாக ரெண்டு விஷயம் நடக்கும். கொள்ளளவு குறையும். கூடவே உள்ளே மின்தடை ஏறும். நம்மைக் குழப்புறது இந்த ரெண்டாவதுதான். 30 சதவீதம்னு காட்டும், கேமராவைத் திறந்த உடனே பொசுக்குனு அணைஞ்சிடும். திடீர்னு அதிக மின்சாரம் கேட்டதும் வோல்டேஜ் சரிஞ்சு போகுது, அவ்வளவுதான். இருதயம் பலவீனமான ஆள் உட்கார்ந்திருக்கும்போது நல்லாத்தான் பேசுவார், மாடிப்படி ஏறச் சொன்னா மூச்சு வாங்கும். அதே கதை. ஆனா இங்க மாற்று உறுப்பு கடையிலேயே கிடைக்குது!

2017 டிசம்பர்ல ஆப்பிள் ஒண்ணை ஒப்புக்கிட்டது. பேட்டரி தேஞ்ச பழைய ஐபோன்களோட வேகத்தை சாப்ட்வேர் அப்டேட் வழியா அவங்களே குறைச்சிருந்தாங்க. போன் திடீர்னு அணையக்கூடாதுன்னு செஞ்சோம்னு விளக்கம். இருக்கட்டும். அதை வாங்கினவங்ககிட்ட சொன்னாங்களா? இல்ல. பேட்டரி மாத்தினா பழைய வேகம் திரும்பிடும்னு தெரியாம புது போன் வாங்கினவங்க எத்தனை பேரோ. சத்தம் பெருசானதும் மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவுல பேட்டரி மாத்துற செலவை 79 டாலர்ல இருந்து 29 ஆக்கினாங்க. 2020ல பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு.

35 டிகிரிக்கு மேல சூடான இடத்துல வச்சா பேட்டரியோட கொள்ளளவு நிரந்தரமா குறையலாம்னும் அதே கம்பெனி எழுதி வச்சிருக்கு. சித்திரை மாசம் மதுரையில 35 டிகிரின்னா அது குளிர்ங்க. பைக் ஹேண்டில்ல போனை மாட்டிட்டு மேலூர் ரோட்டுல டெலிவரிக்குப் போற பையன், சோழவந்தான்ல வயல் வரப்புல வேலை பார்க்கிறவர், இவங்க பேட்டரி சீக்கிரம் போறதுல என்ன ஆச்சரியம்? நம்ம வெயில் கொல்ற பேட்டரியை நாமளே மாத்த முடியாத மாதிரி பசை போட்டு ஒட்டி விக்கிறாங்க. இதுல அந்த ஐபோன்ல ஒரு பங்கைச் சேர்க்கிறது ஸ்ரீபெரும்புதூர்ல நம்ம வீட்டுப் பொண்ணுங்க!

இப்ப என் வேலைக்கு வர்றேன். ஓபியில பழைய ரிப்போர்ட் கேட்டா "போன்ல இருக்கு சார்"ங்கிறாங்க. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை அட்டை எல்லாம் வாட்ஸப் படம். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த சர்க்கரை நோயாளி அம்மா ஒருத்தர், போனை எடுத்தாங்க, அணைஞ்சிருச்சு. சார்ஜரைச் சொருகி பத்து நிமிஷம் காத்திருந்தோம், பின்னாடி வரிசை நிக்குது. திருப்பூர்ல இருக்கிற மகன் புதுசு வாங்கித் தர்றேங்கிறானாம். "எதுக்கு தம்பி பன்னெண்டாயிரம்? பேசத்தானே போறேன்"னாங்க. பேட்டரி மட்டும் மாத்த ஆயிரம், ஆயிரத்தைந்நூறு போதும்னு அவங்களுக்கு யாருமே சொல்லல. ராத்திரி நெஞ்சு வலிச்சா 108ஐக் கூப்பிட அவங்ககிட்ட இருக்கிறது அந்த ஒரு போன்தான்.

"தண்ணி புகாம இருக்கத்தான் சார் ஒட்டுறோம்"னு ஒரு பதில் வரும். 2014ல வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 தண்ணியையும் தாங்குச்சு, பின்மூடியை நகத்தால கழற்றி பேட்டரியையும் மாத்த முடிஞ்சது.

பாதுகாப்புன்னும் சொல்வாங்க. நோக்கியாவோட பிஎல்-5சி பேட்டரி ஞாபகம் இருக்கா? 2007 ஆகஸ்ட்ல 4.6 கோடி பேட்டரி அதிகமா சூடாகலாம்னு அறிவிச்சு, இலவசமா மாத்தித் தர்றோம்னாங்க. ஊரே பின்மூடியைக் கழற்றி நம்பர் பார்த்துச்சு. பேட்டரி போச்சு, போன் அப்படியே இருந்துச்சு. 2016ல கேலக்ஸி நோட் 7 தீப்பிடிச்சப்ப? சுமார் 25 லட்சம் போனையே முழுசாத் திரும்ப வாங்க வேண்டியதாச்சு. மாத்திக் கொடுத்த போனும் எரிஞ்சு, கடைசியில அந்த மாடலையே நிறுத்திட்டாங்க. எது பாதுகாப்புன்னு நீங்களே சொல்லுங்க.

டூப்ளிகேட் பேட்டரி ஆபத்துதான், மறுக்கல. ஆனா டவுன்ஹால் ரோட்டுல பசையை இளக்கி, டிஸ்ப்ளே உடையாம பேட்டரியை எடுக்கிற தம்பிக்கு ஒரிஜினல் பேட்டரி நேரா கிடைக்க என்ன வழி வச்சிருக்காங்க? வழியை அடைச்சிட்டு, மாத்துறவனைக் குத்தம் சொல்றது என்ன நியாயம்?

ஐரோப்பிய யூனியன்ல 2027 பிப்ரவரி 18 முதல் இந்த மாதிரி பேட்டரிகளைப் பயன்படுத்துறவங்களே கழற்ற முடியணும்னு சட்டம். சில விலக்கு உண்டு, ஆனாலும் சட்டம். இங்க 2022 டிசம்பர் 24ல பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு மத்திய அரசு ஒரு இணையதளம் தொடங்குச்சு. போனுக்கு எவ்வளவு சுலபமா ரிப்பேர் பார்க்கலாம்னு மதிப்பெண் போடச் சொல்லி ஒரு குழு 2025 மே மாசம் அறிக்கையும் கொடுத்திருக்கு. மதிப்பெண் மட்டும் பத்தாது. ஒரிஜினல் பேட்டரி எல்லாக் கடைக்கும், நியாய விலையில, குறைஞ்சது ஏழு வருஷம் கிடைக்கணும். இதைத்தான் கேட்கணும்.

பாதுகாப்பு அப்டேட் நின்னுபோன ரொம்பப் பழைய போன்ல பேங்க் ஆப் வச்சிருக்கீங்கன்னா, அது வேற விஷயம், மாத்தத்தான் வேணும். மத்தவங்க முதல்ல பேட்டரி ஹெல்த் பாருங்க. 80 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பேட்டரியை மாத்துங்க. பில் வாங்குங்க, வாரண்டி கேளுங்க. சர்வீஸ் சென்டர் இழுத்தடிச்சா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

போன் முதுகு உப்பியிருந்தா சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க, குத்தாதீங்க. தலையணைக்கடியில வைக்கவே கூடாது. அணைச்சிட்டு அன்னைக்கே கடைக்குக் கொண்டு போங்க. சுட்டுடுச்சுன்னா 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. பேஸ்ட், பேனா மை, தோசை மாவு எதுவும் தடவிட்டு வராதீங்க, அதைக் கழுவி எடுக்கிறதுக்குள்ள உங்களுக்கும் வலி, எங்களுக்கும் வலி.

கழற்றின பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில போடாதீங்க. மாத்தின கடையிலேயே கொடுத்துடுங்க.