மினுங்கிற கதவு தாளிப்பைத் தாங்குமா?

குசினி புதுசாக்க வெளிக்கிட்டால் எங்கட ஆக்கள் முதலில் பார்க்கிறது மினுங்கிற கதவுகளைத்தான். என்னைக் கேட்டால் விசர் வேலை. மலிவோ விலையோ, உள்ளே பெட்டி அநேகமாக மரத்தூள் பலகைதான். கதவில் மிச்சம் பிடிக்கிற காசைப் புகை உறிஞ்சியில் போடுங்கோ. கரி வடிகட்டி வைத்துக் காற்றைத் திரும்பவும் வீட்டுக்குள்ளேயே விடுகிறது ரக்லெற்றுக்குக் காணும், தாளிப்புக்குக் காணாது! குழாய் வெளியே போகவேணும். அடுக்குமாடியென்றால் வெளிச்சுவரில் துளைபோட மற்ற வீட்டுக்காரரின் சம்மதமும் வேணும். அளவையும் பாருங்கோ: சுவிஸ் குசினி அளவு 55 சென்ரிமீற்றர், லோசானுக்குக் கிட்ட ஓபோன் ஐக்கியாவில் 60. பழைய அடுப்பு புதுப் பெட்டியில் சரியாக இராது.

ஜாக்கெட் மணக்குது என்று அம்மாவில் பாயிற தம்பி தங்கச்சிமாரே, அவவோட கடைக்குப் போய் அந்தக் குழாயைப் பற்றிக் கேளுங்கோ. பிரெஞ்சு உங்களுக்குத்தானே நல்லா ஓடும்.