கைதட்டு அவருக்கு... பொறுப்பு யாருக்கு?



போடியில் பிறந்தவனுக்கு இரண்டு சத்தங்கள் நன்றாகப் பழக்கம். ஒன்று, விடியும் முன்பே மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் சத்தம். மற்றொன்று, மண்டபத்து மைக் சத்தம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று நான் பார்க்கும் ஒரு சின்னத் தொழிலைப் பற்றி உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

நான் பேச்சு எழுதிக் கொடுப்பவன்! ஆம் நண்பர்களே, ஏலக்காய் வியாபாரிகளும் எஸ்டேட் முதலாளிகளும் மேனேஜர்களும் பொங்கல் விழா, ஆயுத பூஜை, சங்கக் கூட்டம், பணி நிறைவு விழா என்று மேடை ஏறும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுக்கிறார்களே, அதில் சில காகிதம் நான் எழுதியது. ஒரு பேச்சுக்கு ஐந்நூறு ரூபாய். போன இரண்டு செமஸ்டருக்கும் பரீட்சை பீஸ் அந்தப் பணத்தில்தான் கட்டினேன்.

விஷயம் தெரிந்ததும் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கேட்டான்: “ஏண்டா, கூலிக்கு மாரடிக்கிறியா?”

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று சொல்கிறேன். இது இன்று நேற்று வந்த தொழில் அல்ல. பழைய ஏதென்ஸ் நகரத்தில் வழக்கு என்றால் அவரவரே நின்று பேச வேண்டும். பேசத் தெரியாதவர் என்ன செய்வார்? காசு கொடுத்து எழுதி வாங்கி மனப்பாடம் செய்வார். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் பெயர் பெற்றவர் லிசியாஸ். கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். அந்த ஊர்க் குடியுரிமை அவருக்குக் கிடையாது. ஆனாலும் அந்த ஊர் நீதிமன்றங்களில் ஒலித்தது அவர் எழுத்து! யாருக்கு எழுதினாலும் அந்த ஆளின் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி எழுதுவாராம்.

நம் நாட்டுக்கு வாருங்கள். பிரதமர் இந்திரா காந்திக்குப் பல ஆண்டுகள் உரை தயாரித்துக் கொடுத்தவர் எச்.ஒய்.சாரதா பிரசாத். 1952-இல் வந்த ‘பராசக்தி’யில் நீதிமன்றத்தில் நின்று வசனம் பேசியவர் சிவாஜி கணேசன், எழுதியவர் மு.கருணாநிதி. சினிமாவில் எழுதியவர் பெயரைத் திரையில் போடுகிறார்கள், மேடையில் போடுவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்! ஆகவே எழுதிக் கொடுப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. மோட்டார் ரீவைண்டிங் செய்து கூலி வாங்குகிறோம், டிராயிங் போட்டுக் கூலி வாங்குகிறோம். இதுவும் ஒரு வேலை.

வேலை எப்படி என்று கேட்பீர்கள். நம் ஊர் உதாரணமே போதும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சை ஏலக்காயை ஸ்டோரில் போட்டுக் காய வைத்தால் ஒரு கிலோ தேறும். அப்புறம் சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். பேச்சும் அப்படித்தான். முதலாளி ஒரு மணி நேரம் மனதில் பட்டதையெல்லாம் சொல்வார். அதைக் காய வைத்துச் சலித்து ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவர் “அப்பறம்” என்று பேசுகிறவர் என்றால் “அதனைத் தொடர்ந்து” என்று எழுதக் கூடாது. எழுதினால் மேடையில் திக்குவார்!

ஒரு வாக்கியம்தானே என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் ஜெரால்டு ராட்னர் என்று ஒருவர். பெரிய நகைக்கடைக் கம்பெனியின் தலைவர். 1991 ஏப்ரலில் லண்டனில் தொழிலதிபர்கள் கூட்டத்தில் பேசும்போது, தன் கடைச் சாமான் ஒன்று அவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அது குப்பை என்பதுதான் என்று வேடிக்கையாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. மறுநாள் பத்திரிகைகள் சிரிக்கவில்லை! வாங்கினவர்கள் அவமானப்பட்டார்கள். கம்பெனியின் பங்கு மதிப்பில் சுமார் 50 கோடி பவுண்டு போனது. அடுத்த ஆண்டு அவர் பதவியும் போனது.

அவர் ஒரு உண்மையை விளையாட்டாகச் சொல்லிக் கெட்டார். நான் ஒரு பொய்யை அழகாக எழுதிக் கெட்டேன். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

என் அத்தை ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். இருட்டோடு எழுந்து, தூக்குவாளியில் சோறு கட்டி, ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறைப் பக்கம் இறங்கி, சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவார். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு அத்தை, ஒரு அம்மா! ஜீப் சரிந்து ஆள் செத்த செய்தி நமக்குப் புதிது இல்லையே.

ஒரு பொங்கல் விழாவுக்கு ஒரு எஸ்டேட் முதலாளி பேச்சு கேட்டார். எல்லாம் எழுதி முடித்தேன். கடைசியில் ஒரு ‘பஞ்ச்’ இல்லையே என்று தோன்றியது. “இனி ஜீப்பில் வரும் ஒவ்வொரு சகோதரிக்கும் விபத்துக் காப்பீடு இந்தத் தோட்டத்தின் பொறுப்பு” என்று எழுதிவிட்டேன். அவர் படித்துப் பார்த்து, “நல்லா இருக்குப்பா” என்றார். செய்வீர்களா என்று நானும் கேட்கவில்லை, செய்வேன் என்று அவரும் சொல்லவில்லை.

மேடையில் அந்த வரிக்குத்தான் அதிகக் கைதட்டு. கூட்டத்தில் என் அத்தையும் தட்டினார். அன்று ராத்திரி என்னிடம் சொன்னார்: “மொதலாளி நல்ல மனுசன்டா. எங்களுக்கு இன்சூரன்ஸ் போடுறாராம்.” நான் வாய் திறக்கவில்லை. மாசி போனது, பங்குனி போனது, ஒன்றும் நடக்கவில்லை. சித்திரையில் அத்தை கேட்டார்: “ஏன்டா, அன்னைக்குச் சொன்னாரே, அது என்னாச்சு?”

நான்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். அத்தை கோபப்படவில்லை. “நீ எழுதுனதா... அப்ப அவரு சொல்லவே இல்லையா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

லிசியாஸ் பெயரில் ஒரு பேச்சு இருக்கிறது. கால் முடியாத ஒரு சிறு தொழிலாளிக்கு அரசு தினம் ஒரு ஓபோல் காசு உதவியாகக் கொடுத்து வந்தது. அதை நிறுத்தச் சொல்லி ஒருவன் புகார் செய்தபோது, அந்த ஏழை சபையில் பேசுவதற்காக எழுதியது. காசுள்ளவனுக்கு எழுதிய அதே கை இல்லாதவனுக்கும் எழுதியது! நானும் யோசித்தேன். அத்தைக்கு மூன்று நிமிடப் பேச்சு எழுதினேன். காசு இல்லாமல்! வார்த்தை எல்லாம் அத்தையுடையது. வரிசைப்படுத்தியது மட்டும் நான். மத்திய அரசின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் காப்பீடு உண்டு. அந்தப் படிவத்தை எல்லோருக்கும் நிரப்பி, வருடாவருடம் அந்த 20 ரூபாயைத் தோட்டமே கொடுக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. ஆபீஸ் வாசலில் அத்தை பேப்பரைப் பார்க்காமலே பேசினார். அந்த ஜீப்பில் வரும் பதினான்கு பேருக்கும் நடந்தது. ஜீப்பில் ஆளைத் திணிப்பது மட்டும் இன்னும் குறையவில்லை. அதற்கு இன்னொரு பேச்சு தேவைப்படும்!

இப்போது எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. “செய்வேன்” என்று எழுதும் முன் “செய்வீங்களா சார்? எப்போ?” என்று கேட்டுத் தேதியையும் குறித்துக்கொள்வேன். சொல்லாவிட்டால் அந்த வரி கிடையாது. இதனால் இரண்டு பேர் என்னை விட்டுப் போனார்கள். போகட்டும்! இன்றைக்கு செல்போனில் கேட்டால் ஒரு நிமிடத்தில் பேச்சு வந்து விழுகிறது. அழகான வரிக்கு இனிப் பஞ்சமில்லை. அந்த வரி உண்மையா என்று கேட்கும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

தோழர்களே! நாளை நாமும் சூப்பர்வைசர் ஆவோம், சின்னதாக ஒரு பட்டறை வைத்து முதலாளியும் ஆவோம். ரிப்போர்ட் எழுதுவோம், டெஸ்ட் சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவோம், யாரோ எழுதிய பேச்சைப் படிப்போம். அப்போதும் கேட்டுக்கொண்டு கீழே ஒரு அத்தை உட்கார்ந்திருப்பார். அவர் தட்டும் கைதட்டு அவர் நமக்குக் கொடுக்கும் அட்வான்ஸ். வேலையை முடித்தால்தான் அது நம் காசு!

கூலிக்கு எழுதலாம் நண்பா, தப்பில்லை. கூலிக்குப் பொய் எழுதக் கூடாது.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்