விலாசமும் பிரஜையின் உரிமையும்

அனந்தபுரத்து வேர்க்கடலை வியாபாரி ஒருவர் இணையத்தில் தமது கடைக்குப் பெயர் பதிவு செய்ய விரும்பினால், வீட்டு விலாசம், டெலிபோன் எண், மின்னஞ்சல் யாவும் கொடுத்தாக வேண்டும். ‘ஹூயிஸ்’ என்னும் பதிவேட்டில் இத்தகைய விவரங்கள் வெகுகாலம் உலகனைத்துக்கும் பகிரங்கமாய்க் கிடந்தன. மோசக்காரரும் விளம்பரக்காரரும் அவற்றை அள்ளிச் சென்றனர். 2018 மே மாதத்தில்தான், ஐரோப்பியச் சட்டத்தின் அபராதத்துக்கு அஞ்சி, அமெரிக்காவிலுள்ள ‘ஐகான்’ ஸ்தாபனம் அவற்றை மறைக்க இணங்கிற்று.

அந்தரங்கம் பிரஜையின் ஜீவாதார உரிமை என்று நமது சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ல் ஏகமனதாகத் தீர்ப்பளித்திருந்தனர். அப்படியிருந்தும் அயலார் சட்டத்தின் நிழலில் நாம் ஒதுங்க நேர்ந்தது வெட்கமல்லவா? 2023-ம் வருஷத்துத் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, சட்டக் கடமையின்பேரில் பகிரங்கமாக்கப்பட்ட விவரங்களைத் தன் காப்பிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆகவே, ‘பகிரங்கப்படுத்து’ என்று மற்றொரு சட்டம் விதித்த மாத்திரத்தில் அந்தக் காப்பு நீங்கிவிடும்!

குற்றவாளி ஒளிந்து கொள்வானே என்பர். விவரம் பதிவாளரிடம் இருக்கட்டும்; நியாயஸ்தலத்தின் உத்தரவு பெற்றுப் போலீசார் பார்க்கட்டும். ஒரு திருடனைப் பிடிக்க ஊரார் கதவையெல்லாம் திறந்து வைப்பது நீதியாகாது. ‘டாட் இன்’ பதிவேட்டில் பிரஜையின் விலாசத்துக்குள்ள காப்பைச் சர்க்கார் நமது சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். உரிமை நமதெனில் காவலும் நமதாகவே இருத்தல் வேண்டும்.