பாவத்தை ஆற்றில் விடலாம், வருத்தத்தை? 26 வயதில் ஒரு ஸ்கூல் லவ் மாங்கா ஏன் படிக்க வேண்டும்?

பாபநாசம் படித்துறைக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். பொதிகை மலையிலிருந்து இறங்கி வரும் தாமிரபரணி சமவெளியைத் தொடும் இடம் அது. பாபநாசநாதர் கோயிலுக்கு முன்னால் வெளியூர்க்காரர்கள் முங்கிக் குளிக்கிறார்கள். குளித்ததும், உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுக் கரையேறுகிறார்கள். துணியோடு பாவமும் போய்விடும் என்பது நம்பிக்கை. ஆனா துணி எங்கேயும் போவதில்லை. பாறை இடுக்கில் சிக்கி, மணலில் புதைந்து கிடக்கிறது. யாரோ சில தன்னார்வலர்கள் தண்ணீரில் இறங்கி அதை அள்ளி வெளியே போட வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூட நாட்களின் வருத்தமும் அப்படித்தான். ‘அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே’ என்ற நினைப்பு, ஊரை விட்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன பிறகும் உள்ளே எங்கேயோ சிக்கிக் கிடக்கும். அந்த வருத்தத்தை என்ன செய்வது என்பதற்கு ஐந்தே தொகுதிகளில் பதில் சொல்கிறது ஒரு ஜப்பானிய ஸ்கூல் லவ் மாங்கா. பெயர் ‘ஆரஞ்ச்’. எழுதி வரைந்தவர் இச்சிகோ தகானோ.

மாங்கா என்றாலே நருட்டோ, ஒன் பீஸ் என்று சண்டைக் கதைகள்தான் நம்மூரில் பிரபலம். ஸ்கூல் லவ் ஸ்டோரி என்றால், ‘இதெல்லாம் ஸ்கூல் பிள்ளைங்க படிக்கிறது’ என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் ‘ஆரஞ்ச்’ கதையை அதிகம் படிக்க வேண்டியவர்கள், பள்ளியை முடித்து எட்டுப் பத்து வருடம் ஆனவர்கள்தான்.

கதை என்ன?

மட்சுமோட்டோ, ஜப்பானின் நகானோ மாகாணத்தில் மலைகள் சூழ்ந்த ஒரு நகரம். அங்கே 16 வயது நாஹோ, உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டில் சேரும் நாளில் ஒரு கடிதம் வருகிறது. நம்மூர்க் கணக்கில் கிட்டத்தட்ட பிளஸ் ஒன். எழுதியவர் பெயரும் நாஹோதான். பத்து வருடம் கழித்து, 26 வயதில் அவளே அவளுக்கு எழுதிய கடிதம். ‘இன்று காகேரு என்ற பையன் வகுப்பில் புதிதாகச் சேருவான், உன் பக்கத்தில் உட்காருவான்’ என்கிறது கடிதம். அப்படியே நடக்கிறது. ‘இன்று அவனை மட்டும் வெளியே கூப்பிடாதே’ என்றும் இருக்கிறது. நம்பாத நாஹோவும் நண்பர்களும் கூப்பிட்டுவிடுகிறார்கள். அடுத்த இரண்டு வாரம் காகேரு பள்ளிக்கே வருவதில்லை.

26 வயது நாஹோவின் உலகத்தில் காகேரு உயிரோடு இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான், உள்ளே உடைந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கடிதம் கேட்பது ஒன்றுதான்: நான் செய்யாமல் விட்டதை நீ செய்.

அந்தச் ‘செய்’ எல்லாமே சின்னச் சின்னது. அவனுக்கு ஒரு லஞ்ச் பாக்ஸ் கட்டிக்கொண்டு போ. அவன் கேட்ட கேள்விக்கு நேரத்தோடு பதில் சொல். அவன் தனியாக நிற்கும்போது பக்கத்தில் போய் நில். லஞ்ச் பாக்ஸ் கட்டிவிட்டு அதைக் கொடுக்கத் தைரியம் வராமல் நாஹோ தவிக்கும் பக்கங்களைப் படிக்கும்போது, நமக்கே வயிற்றைப் பிசையும்.

ஐந்து தொகுதி போதுமா?

மாங்காவில் ஒரு கதை முதலில் இதழில் அத்தியாயம் அத்தியாயமாக வரும், பிறகு தொகுதியாகும். வரவேற்பு இருந்தால் நூறு தொகுதி தாண்டியும் ஓடும். ஸ்கூல் லவ் கதைகளும் விலக்கில்லை. ‘கிமி நி தொதோகே’ என்ற புகழ்பெற்ற தொடர் 30 தொகுதி ஓடியது. ‘ஆரஞ்ச்’ 2012-இல் ‘பெஸ்ஸாட்சு மார்கரெட்’ என்ற பெண்களுக்கான மாங்கா இதழில் தொடங்கி, பின்னர் வேறொரு பதிப்பகத்தின் ‘மன்த்லி ஆக்‌ஷன்’ இதழுக்கு மாறி, 2015-இல் முடிந்தது. மூலக்கதை ஐந்து தொகுதி. ஆங்கிலத்தில் 2016-இல் இரண்டு தடித்த புத்தகங்களாக வந்தது. அதே ஆண்டு அனிமேவும் ஆனது.

ஒரு சனி, ஞாயிறில் படித்துவிடலாம். முதல்முறை மாங்கா படிப்பவர்களுக்கு ஒரே சிக்கல், பக்கமும் கட்டங்களும் வலமிருந்து இடமாகப் போகும். பத்துப் பக்கத்தில் கண் பழகிவிடும்.

நீளம் குறைவு என்பது நேரத்தை மிச்சப்படுத்தும் விஷயம் மட்டும் இல்லை. ‘அவங்க சேருவாங்களா மாட்டாங்களா’ என்று முப்பது தொகுதி இழுக்க ‘ஆரஞ்ச்’ கதைக்கு இடமே கிடையாது. காகேருவுக்கு இருப்பது சில மாதங்கள்தான். தேதி குறித்த கடிதம் கையில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு தயக்கத்துக்கும் ஒரு விலை இருக்கிறது.

ஏக்கம் அல்லது பயம்

இதே வயசுக் காதலைத் தமிழ் சினிமா எப்படிச் சொல்லியிருக்கிறது? ‘ஆட்டோகிராஃப்’ (2004) படத்தில், கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவன் பள்ளிக் காதலைத் திரும்பிப் பார்க்கிறான். ‘96’ (2018) படத்தில் தஞ்சாவூர்ப் பள்ளியில் படித்த இருவர், 22 வருடம் கழித்து ஒரு ரீயூனியனில் சந்திக்கிறார்கள். இரண்டுமே நல்ல படங்கள், இரண்டுமே தாமதமானவை. பேச வேண்டியதைப் பேச வேண்டிய வயசில் யாரும் பேசுவதில்லை. காலம் போன பிறகு ஏங்குகிறார்கள், நாமும் சேர்ந்து அழுகிறோம்.

இன்னொரு வகை, பயம். ‘காதல்’ (2004) படத்தில் பள்ளி மாணவியின் காதல் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். பாபநாசம் என்ற பெயரையே தலைப்பாக வைத்து 2015-இல் வந்த படத்திலும், பள்ளி முகாமுக்குப் போன பெண்ணை ஒரு பையன் திருட்டுத்தனமாக செல்போனில் படம் எடுத்து மிரட்டுகிறான். அங்கே காதலே இல்லை. ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகு பல வீடுகளில் மிஞ்சியது, ‘பொம்பளைப் பிள்ளை ஜாக்கிரதை, போன் ஜாக்கிரதை’ என்ற பாடம்தான்.

ஏக்கமும் பயமும் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பதினாறு வயசுப் பிள்ளைக்கு இந்த இரண்டாலும் இன்றைக்கு ஒரு பயனும் இல்லை. தனக்கு என்ன நடக்கிறது, அதை எப்படிச் சொல்வது, எதிரே இருப்பவர் ‘வேண்டாம்’ என்றால் எப்படி எடுத்துக்கொள்வது என்பதை நிகழ்காலத்தில் சொல்லும் கதை வேண்டும். ‘ஆரஞ்ச்’ அதைச் செய்கிறது. 26 வயசின் ஏக்கத்தை எடுத்து, 16 வயசின் கையில் கருவியாகக் கொடுக்கிறது.

இதிலே இன்னொரு நுட்பமும் உண்டு. கடிதம் எழுதியவர்களுக்கு இதனால் ஒரு லாபமும் கிடையாது. அவர்களுடைய உலகத்தில் காகேரு திரும்பி வரப் போவதில்லை. கடிதம் போய்ச் சேரும் இடம் வேறொரு உலகம் என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் எழுதுகிறார்கள்.

சுவா என்ற பையன்

கதையில் மறக்க முடியாத ஆள், நண்பன் சுவா. அவனுக்கும் நாஹோவைப் பிடிக்கும். பத்து வருடம் கழித்து நாஹோவைக் கல்யாணம் செய்து, குழந்தையோடு இருப்பவன் அவன்தான். அந்தச் சுவாவும் தன் 16 வயசுக்குக் கடிதம் எழுதுகிறான். சின்ன சுவா அதைப் படித்துவிட்டு, காகேருவையும் நாஹோவையும் சேர்த்துவைக்கப் பாடுபடுகிறான்.

‘துரத்தினால்தான் காதல்’ என்று பார்த்து வளர்ந்த நம் பையன்களுக்கு இது புது மாதிரியான ஹீரோ. ஆனா யோசித்துப் பார்த்தால், நமக்குப் பழக்கமான ஒரு பாத்திரம்தான். நானூற்றொரு பாட்டு உள்ள குறுந்தொகையில் பெரும்பாலானவை நாலு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும். தலைவன், தலைவி யாருக்கும் பெயர் கிடையாது. ஆனால் தோழி இருப்பாள். தலைவி வாடுவதை முதலில் கவனிப்பவள், வாய்விட்டுச் சொல்பவள், தலைவனிடம் நியாயம் கேட்பவள் அவள்தான். சுவாவும் அசுசாவும் தகாகோவும் ஹகிதாவும் செய்வது அந்தத் தோழியின் வேலைதான். பள்ளி விளையாட்டு விழா ரிலேயில் ஒவ்வொருவரும் பேட்டனோடு சேர்த்து காகேருவுக்கான ஒரு செய்தியையும் கைமாற்றுவார்கள். அந்த சீனுக்காகவே படிக்கலாம்.

பொத்தானும் கயிறும்

‘சரிப்பா, மட்சுமோட்டோ கதை. நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?’ என்ற கேள்வி நியாயமானது.

ஜப்பானியப் பள்ளிகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பட்டமளிப்பு நாளில் பையன் தன் சீருடைக் கோட்டின் இரண்டாவது பொத்தானைப் பிடித்த பெண்ணுக்குக் கொடுப்பான். நெஞ்சுக்கு மிக அருகில் இருப்பது அந்தப் பொத்தான் என்பதால். பல ஸ்கூல் மாங்காக்களில் இந்தக் காட்சி வரும். நம் பக்கத்துப் பள்ளிகளில் சீருடையை மீறிக் கண்ணில் படுவது வேறு: மணிக்கட்டில் கட்டிய வண்ணக் கயிறு. எந்த வண்ணம் எந்தச் சாதி என்று எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் 27 வயது ஐ.டி. இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் விரும்பியதாகச் சொல்லப்படும் பெண்ணின் தம்பி கைதானார். இந்த ஆற்றங்கரையில் ‘யாரைப் பிடித்திருக்கிறது’ என்பது உயிர் போகிற கேள்வி.

‘ஆரஞ்ச்’ கதைக்கு இதற்குப் பதில் தெரியாது. நாஹோவுக்குத் தடை அவளுடைய கூச்சம் மட்டும்தான். அந்த இடைவெளியை ஒரு ஜப்பானியக் கதை நிரப்ப முடியாது. அதை இங்கே இருப்பவர்கள்தான் எழுத வேண்டும். பக்கத்தில் சிவகாசியில் 1972-இலிருந்து முத்து காமிக்ஸ் வருகிறது, 1984-இலிருந்து லயன் காமிக்ஸ். இரும்புக்கை மாயாவியும் கௌபாய்களும் பேசிய தமிழ், அம்பாசமுத்திரம் பஸ்ஸில் பக்கத்து ஸ்கூல் பையனிடம் பேசத் தயங்கும் ஒரு பெண்ணின் மனசையும் பேச முடியும்.

ஒரு எச்சரிக்கை

மனச்சோர்வில் இருப்பவரைக் காதலும் நட்பும் மட்டுமே காப்பாற்றிவிடும் என்ற எண்ணத்தை இந்தக் கதை கொடுக்கலாம். அது பாதி உண்மைதான். காகேருவின் பாரம் முழுவதையும் 16 வயசுப் பிள்ளைகள் தோளில் வைத்தது இந்தக் கதையின் குறை. கதையில் பெரியவர்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நிஜத்தில் ஆசிரியர், பெற்றோர், மருத்துவர் எல்லோரும் வேண்டும். நண்பர் கவனிக்க வேண்டும், கவனித்ததை உதவி செய்யக்கூடியவரிடம் சொல்ல வேண்டும். தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை போனில் ஸ்கூல் லவ் மாங்கா படித்தால் உடனே பிடுங்காதீர்கள். என்ன கதை என்று கேளுங்கள். முடிந்தால் நீங்களும் படியுங்கள். தன் மனசில் இருப்பதைச் சொல்ல வார்த்தை தேடும் பிள்ளை, தப்பான இடத்தில் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நீங்கள் 26 வயசில் இருந்தால் உங்களுக்கு இன்னும் சுலபம். 16 வயசு உங்களுக்குக் கடிதம் அனுப்ப முடியாது. ஆனால் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில், கொஞ்ச நாளாகச் சத்தமே இல்லாத ஒருத்தர் கண்டிப்பாக இருப்பார். ‘எப்படி இருக்க மக்கா, சாப்ட்டியா?’ என்று தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள். பதில் வராவிட்டால் போன் போடுங்கள்.