ஊசியை விட்டபிறகு வா என்று சொல்லாதீர்கள்

ஊசியால் போதைப்பொருள் ஏற்றும் ஒருவருக்கு ஹெப்பரைற்றிஸ் சி என்ற ஈரல் நோய் இருப்பது தெரியவந்தால் எப்போது மருந்து கொடுக்கலாம்? உடனேயே கொடுக்கவேண்டும் என்பது எமது நிலைப்பாடு. "முதலில் பழக்கத்தை விடட்டும், பிறகு பார்ப்போம்" என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்களும் அந்த மனிதரின் ஈரலைப் பணயம் வைக்கிறார்கள்.

இது ரொறன்ரோ நகர மையத்தின் தெருவோரப் பிரச்சினை, றிச்மண்ட் ஹில்லுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. றிச்மண்ட் ஹில் அடங்கும் யோர்க் பிராந்தியத்தின் பொதுச் சுகாதாரப் பிரிவு சுத்தமான ஊசிகளை இலவசமாகக் கொடுப்பது இங்கேயும் அவை தேவைப்படுவதால்தான். பேவியூ அவெனியூ பிள்ளையார் கோவிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் குடும்பங்களுக்கு மட்டும் இதில் விதிவிலக்கு இல்லை. வித்தியாசம் ஒன்றுதான்: தெருவில் இருப்பவரைத் தேடிப் போக ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டின் நிலக்கீழ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவரைத் தேடி யாரும் போவதில்லை.

"விட்டபிறகு வா" என்ற நிபந்தனைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு 1997இல், போதைப்பொருள் பாவிப்பவர்களுக்குச் சிகிச்சையைத் தள்ளிவைக்கச் சொன்னது. அன்றைய மருந்து இன்ரபெரோன். பலருக்கு 48 வாரம் ஊசி போடவேண்டும், சிறிது காலத்தில் ரிபாவிரின் மாத்திரையும் கூடச் சேர்ந்தது. காய்ச்சல், உடல் உளைவு, கடும் மனச்சோர்வு எல்லாம் தாங்கி முடித்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கே குணம் கிடைத்தது. அந்த நிபந்தனையை 2002இல் வந்த அடுத்த நிபுணர் குழுவே தளர்த்திவிட்டது. இன்றைய மருந்தோ 8 அல்லது 12 வாரம் விழுங்கும் மாத்திரை. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். கனடா உட்பட ஏழு நாடுகளில், அண்மைக்காலம் வரை ஊசி ஏற்றிக்கொண்டிருந்த 103 பேருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. குணமானவர்கள் 94 சதவீதம். ஒழுங்காக மருந்து எடுக்கமாட்டார்கள் என்ற பேச்சு அதோடு முடிந்திருக்கவேண்டும்.

ஒன்ராறியோ அரசும் அதே 2018இல், ஈரல் போதிய அளவு பழுதானவர்களுக்கே மருந்து என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. ஆனாலும் பலர் வருவதில்லை. ஊசி பாவிப்பவர்கள் சொல்லும் காரணங்களை நாம் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். "எனக்கு ஒண்டும் செய்யேல்லை" என்பது ஒன்று. இந்தக் கிருமி இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் இருந்து ஈரலைத் தின்னக்கூடியது. இன்ரபெரோன் காலத்துப் பயங்கரக் கதைகள் இன்னும் வாய்வழியாக உலவுகின்றன. இரத்தம் எடுப்பதே பலருக்குச் சித்திரவதை. முழங்கை மடிப்பில் இரத்த நாளங்கள் தழும்பேறி இறுகிப் போயிருக்கும். ஆய்வுகூடத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பார்கள், குத்தும்போதே முகம் சுளிப்பார்கள். அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர் மறுமுறை போகமாட்டார்.

எமது வீடுகளில் இன்னும் இரண்டு தடைகள். முதலாவது, தட்டையும் தேத்தண்ணிக் கோப்பையையும் புறம்பாக வைக்கும் வழக்கம். இந்த நோய் இரத்தத்தோடு இரத்தம் சேர்ந்தால்தான் தொற்றும். ஒரே கோப்பையில் குடிப்பதாலோ கட்டியணைப்பதாலோ தொற்றாது. இரண்டாவது காப்புறுதி. 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மருந்து இலவசமாகத் தரும் அரச திட்டம், பெற்றோரின் தனியார் காப்புறுதியில் உள்ள பிள்ளைக்குப் பொருந்தாது. 22 வயது மகன் மருந்து வாங்கினால் அப்பாவின் வேலைத்தலக் காப்புறுதிக் கணக்கில் அது ஏறும். அந்தப் பயத்திலேயே பேசாமல் இருந்துவிடும் பிள்ளைகளை அரசு நினைத்துப் பார்க்கவேண்டும். அவர்கள் பெற்றோருக்குத் தெரியாமல் அரச திட்டத்துக்கு வர வழி திறக்கவேண்டும். வைத்தியரைப் பொறுத்தவரை பயப்படத் தேவையில்லை. குடும்பத்துக்கே வேண்டப்பட்ட தமிழ் வைத்தியராக இருந்தாலும், 2004ஆம் ஆண்டின் ஒன்ராறியோச் சட்டப்படி, நோயாளி சம்மதிக்காமல் அம்மாவிடம் வாய் திறக்க முடியாது.

குணப்படுத்தினாலும் திரும்பத் தொற்றாதா என்று கேட்பார்கள். தொற்றலாம். தொடர்ந்து பாவிப்பவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு பேரளவில் மறுபடி தொற்றுவதாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. அந்த ஆறு பேருக்காக மீதிப் பேரையும் கைவிடுவதா? திரும்பத் தொற்றினாலும் திரும்பக் குணப்படுத்தலாம். குணமான ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கடத்தாத ஒருவர். அதற்குச் சுத்தமான ஊசி கைக்கெட்டவேண்டும். பாவித்த ஊசிக்குள் இந்தக் கிருமி 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஒன்ராறியோ அரசு 2025இல், பாடசாலைகளுக்கு அருகில் இருந்த கண்காணிப்புடன் ஊசி ஏற்றும் நிலையங்களை மூடவைத்தது. அவற்றுக்குப் பதிலாக நிதி கொடுக்கும் மையங்களில் ஊசி மாற்றிக் கொடுப்பதற்கும் இடமில்லை என்றது. ஒரு கையால் மருந்துக்குப் பணம் கட்டி, மறு கையால் தொற்றுக்கு வழி விடும் இந்த முடிவை அரசு மாற்றவேண்டும்.

சவுத் ரிவர்டேல், றீஜன்ற் பார்க், ஷேர்போர்ன் சுகாதார நிலையங்கள் 2007 முதல் ரொறன்ரோவில் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் பழக்கத்தை விட்டாயா என்று வாசலில் கேட்பதில்லை. நோயைக் கடந்து வந்தவர்களே அங்கு வேலை செய்கிறார்கள். வாராவாரம் குழுவாக இருந்து பேசுகிறார்கள். யோர்க் பிராந்தியத்தில், தமிழ் பேசும் பணியாளர்களோடு, அப்படி ஒன்று வேண்டும். மக்கென்சி ஹெல்த் மருத்துவமனையும் பிராந்தியச் சுகாதாரப் பிரிவும் இதைச் சேர்ந்து தொடங்கலாம்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத காரியமும் உண்டு. கோவில்களிலும் ஊர்ச் சங்க ஒன்றுகூடல்களிலும் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் முகாம் வைக்கிறோம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து 20 நிமிடத்தில் பதில் சொல்லும் ஹெப்பரைற்றிஸ் சி பரிசோதனையைக் கனடிய சுகாதாரத் திணைக்களம் 2017இலேயே அங்கீகரித்துவிட்டது. யார், எவர், ஏன் என்று கேட்காமல், வருகிற எல்லோருக்கும் அதே மேசையில் அதையும் செய்யவேண்டும். பதில் நேர்மறையாக வந்தவருக்கு, கிருமி இப்போதும் உடம்பில் இருக்கிறதா என்று உறுதிசெய்யும் அடுத்த பரிசோதனைக்கு அன்றே நாள் குறித்துக் கொடுக்கவேண்டும். வரும் கோடை முகாம்களை ஒழுங்கு செய்பவர்கள் இப்போதே இதற்கான பேச்சைத் தொடங்கட்டும்.