புதுக் கட்டடமும் மின் இணைப்பும்

கூட்டுறவுச் சங்கங்கள் சொந்தக் கட்டடம் எழுப்புவது மகிழ்ச்சிக்குரிய செய்தி. நெசவாளர் சங்கம் தறிக்கூடம் அமைக்கிறது. விவசாயிகளின் சங்கம் கிடங்கும் விளைபொருளைத் தரம் பிரிக்கும் கூடமும் கட்டுகிறது. ஆயினும், சுவருக்கு வெள்ளை அடித்து, மாவிலைத் தோரணம் கட்டி, திறப்பு விழாவும் சிறப்புற நடந்த பின்னர், மின்சாரம் வராமல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கூடங்களையும் நாம் கண்டிருக்கிறோம். விசைத்தறிகள் சாக்கு போர்த்தியபடி நிற்கின்றன. அவற்றை வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஒரு நாளும் தவறாமல் ஏறுகிறது. தறியை நம்பிக் காத்திருந்த அங்கத்தினர் வேறு பிழைப்பைத் தேடிப் போகிறார். போனவர் எல்லோரும் திரும்பி வருவதில்லை.

மின்சாரம் தொழிலுக்கு என்ன செய்யும் என்பதை நம் நாடு அறியும். 1932-ஆம் ஆண்டில் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரே கோவை வட்டாரத்தில் நூற்பு ஆலைகள் பெருகின. கிணறுகளில் கவலைக்குப் பதிலாகப் பம்பு செட்டுகள் ஓடலாயின. இன்று மின்கம்பி ஊர்தோறும் வந்துவிட்டது. அந்தக் கம்பத்திலிருந்து நம் கூடத்துக்குள் மின்சாரம் வந்து சேர்வதுதான் பெரும்பாடாக இருக்கிறது. இதற்கு மின்வாரியமே பொறுப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் பாதிப் பிழை நம்முடையது என்பதே நமது அபிப்பிராயம்.

முதற் பிழை காலதாமதம். செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் கணக்குப் போடும் நாம், மின் இணைப்பை ‘இதர செலவு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். புதிய கம்பங்கள் நட வேண்டுமானாலும், பக்கத்து டிரான்ஸ்பார்மர் நமது சுமையைத் தாங்காதென்றாலும், வேலையும் செலவும் பன்மடங்காகும். நியாயமான செலவை மனுதாரரிடம் வசூலிக்கச் சட்டம் இடமளிக்கிறது. மனை வாங்கும்போதே இதை விசாரித்திருக்க வேண்டாமா?

இரண்டாவது பிழை சுமைக் கணக்கு. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஒரு குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய 12 தறிகளுக்கு ஏறக்குறைய 9 கிலோவாட் ஆகும். அதன்மேல் தார் சுற்றும் இயந்திரம், விளக்கு, விசிறி ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். சுமையைக் குறைத்து எழுதினால் பின்னர் கூடுதல் கட்டணமும் தொல்லையும் வரும். மிகுத்து எழுதினால் ஓடாத தறிக்கும் நிலைக் கட்டணம் செலுத்த நேரும். தொழிற்கூடத்தை வீடென்று காட்டிக் குறைந்த கட்டணத்தில் இணைப்புப் பெறலாம் என்று யோசனை கூறுவோரும் உண்டு. அந்த யோசனை வேண்டாம். அனுமதியற்ற உபயோகம் என்று கண்டுபிடிக்கப்பட்டால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு விதிக்கப்படும்.

மூன்றாவது பிழை காகிதங்கள். நிலம் முன்னாள் தலைவரின் பெயரிலேயே இருக்கும். காரியதரிசிக்கு அதிகாரமளிக்கும் தீர்மானம் எழுதப்பட்டிராது. கட்டட அனுமதியும், தேவைப்படும் இடங்களில் கட்டடப் பணி நிறைவுச் சான்றும் கைவசம் இரா. ஒவ்வொன்றுக்கும் மனு திரும்பி வரும். இந்நிலையில்தான் இடைத்தரகர் உள்ளே நுழைகிறார். நம் கவனக்குறைவே அவருக்குக் கூலி.

இனி வாரியத்தின் கடமையைச் சொல்வோம். மனுச் செய்த ஒரு மாதத்துக்குள் மின்சாரம் வழங்க வேண்டும் என்பது மேற்படி சட்டத்தின் 43-ஆம் பிரிவு. மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020-இல் வந்தன. 2024-இல் அவை திருத்தப்பட்டன. அதன்படி பெருநகரில் 3 நாள், பிற நகராட்சிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாள் என்பது உச்ச வரம்பு. மலைப்பாங்கான கிராமங்களுக்கு 30 நாள். புதிய மின்பாதை போட வேண்டிய இடங்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் உண்டு. ஆனால் இந்த நாட்கணக்கு முழுமையான மனு சேர்ந்த நாளிலிருந்தே தொடங்கும். அரைகுறை மனுவைக் கொடுத்துவிட்டு உரிமையைப் பேசிப் பயனில்லை. முழுமையான மனுவுக்கும் தாமதம் நேருமானால், பணிந்து கெஞ்ச வேண்டியதில்லை. நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது; அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஓர் எளிய நெசவாளர் தனியே அங்கே செல்லத் தயங்கலாம். நூற்றுக்கணக்கான அங்கத்தினர்களின் சார்பில் பேசும் சங்கம் தயங்கலாமா?

ஆகவே சங்கங்களுக்கு நாம் கூறுவது இதுதான். கடைக்கால் தோண்டுமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குச் சென்று, கம்பமும் டிரான்ஸ்பார்மரும் எங்கே உள்ளன, என்ன செலவாகும் என்று கேளுங்கள். அத்தொகையைக் கட்டடத் திட்டத்திலேயே சேருங்கள். ஒயரிங் வேலையை உரிமம் பெற்றவரிடமே ஒப்படையுங்கள். ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியே இரண்டு நில இணைப்புகள் இருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள். அங்கே வேலை செய்யப் போவது நம் குடும்பத்துப் பிள்ளைகள். செலுத்தும் பணம் ஒவ்வொன்றுக்கும் ரசீது பெற்றுப் பொதுக்குழுவில் வையுங்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறிப்பதை, மீட்டர் ஓடத் தொடங்கிய பின் வைத்துக்கொள்ளலாம். தறி ஓடும் ஓசையைவிடச் சிறந்த மங்கள வாத்தியம் சங்கத்துக்கு வேறு எது?